கடமான் தேடிப் போகுமுன்

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய், கடமானை அதன் காட்டிலேயே பார்த்துவிட்டு வர நினைக்கிறீர்கள். சென்னை கோவிலம்பாக்கத்திலிருந்து கிளம்பும் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்காக எழுதியது இந்த அத்தியாயம். வேட்டைக்குப் போகிறவனின் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு, விசையில் விரல் வைப்பதற்கு முன்பே முடிந்துவிடும். தடம் பார்ப்பது, காற்று பார்ப்பது, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது எல்லாம் அந்த ஒன்பதில் அடங்கும். பத்தாவது பங்கைச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. மீதியைப் பழகத் தடையில்லை. ஆனால் பெரும்பாலான கூட்டங்கள் அதைப் பழகாமலேயே மலையேறி, மரத்தையும் மண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. கால்பலமோ விலை உயர்ந்த கேமராவோ இந்தக் குறையை ஈடுகட்டாது. பழக வேண்டிய இடமும் மலை அல்ல, உங்கள் வீட்டுக்குப் பக்கம்தான்.

எந்த மான், எந்தச் சட்டம்

இந்திய மான்களில் மிகப் பெரியது கடமான். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். நெல்லை, குமரிப் பக்கம் இதை மிளா என்பார்கள். இலங்கைத் தமிழில் மரை. நுவரெலியாவில் குடியிருந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இதையே ‘எல்க்’ என்று அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான சாமுவேல் பேக்கர் நாய்களை ஏவித் துரத்தியதாக எழுதிவைத்த எல்க் எல்லாம் உண்மையில் கடமான்தான். நிஜமான எல்க் வேறு விலங்கு. இலங்கையில் அது இருந்ததே இல்லை.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கத்தில் உரிமம் பெற்றுச் சில விலங்குகளைச் சுட இடம் விட்டிருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: சட்டம் ‘வேட்டை’ என்று சொல்வது கொல்வதை மட்டுமல்ல. விலங்கைத் துரத்துவதும், கண்ணி வைப்பதும், தீனி போட்டு இழுப்பதும், அப்படிச் செய்ய முயல்வதும்கூட வேட்டைதான். படம் எடுப்பதற்காக வாழைப்பழம் வீசுகிறவரும், புதருக்குள் கல்லெறிந்து மானைக் கிளப்புகிறவரும் தங்களை வேட்டைக்காரர் என்று நினைப்பதில்லை, சட்டம் நினைக்கும். உதிர்ந்து கிடக்கும் கொம்பும் அரசுச் சொத்து. நினைவுக்காக என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வழியில் யாராவது மான்கறி கிடைக்கும் என்றாலும், இரவில் ஸ்பாட்லைட் அடித்துக் கடமான் காட்டுகிறோம் என்று விடுதியில் சொன்னாலும் ஒரே பதில்தான்: வேண்டாம்.

‘அமெரிக்காவில் நண்பர்கள் சேர்ந்து எல்க் வேட்டைக்குப் போகிறார்களே, இங்கே மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?’ என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். கேள்வியில் தவறில்லை. கொலராடோ மாநிலத்தில் எல்க் லட்சக்கணக்கில் இருக்கிறது. எத்தனை உரிமம் என்பதை அரசு தீர்மானிக்கிறது. 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் பொதுவாக உரிமம் வாங்க முடியாது. இங்கே கடமானை நம்பிப் புலியும் செந்நாயும் உயிர்வாழ்கின்றன. காடோ துண்டு துண்டாகக் கிடக்கிறது. நம் பங்குக்கு என்று எடுக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை. இன்னொன்று, அங்கே உரிமத்தோடு துப்பாக்கி தூக்கிப் போகிறவர்களிலும் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அவர்கள் அங்கே மாட்டிக்கொள்வதும் நாம் இங்கே மாட்டிக்கொள்வதும் ஒரே இடத்தில்: விலங்குக்குத் தெரியாமல் அதன் அருகே போவதில்.

அணுகும் திறனே முதல்

ஆயுதத்தைவிட அணுகும் திறனே முக்கியம் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். கோவிலம்பாக்கத்திலிருந்து கிழக்கே கடற்கரைச் சாலைக்குப் போய்த் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. 1972 சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போயிற்று. 1978-ல் அவர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். கொல்வது நின்றது, தடம் பார்க்கும் திறன் அப்படியே இருந்தது. இந்தத் திறனின் மதிப்பு 2017-ல் வெளியுலகுக்கும் தெரிந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்தார்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதம் போட்டி போட்டுப் பிடித்தது 106. இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பாம்பும் மானும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லைதான். பாம்பைத் தேடுகிறவர் அதன் மோப்பத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மானிடம் அதுதான் முதல் எதிரி. ஆனாலும் ஆயிரம் பேருக்கும் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் ஆயுதத்தில் இல்லை, கண்ணில் இருந்தது என்ற பாடம் இரண்டுக்கும் பொருந்தும். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கண் நமக்கு ஒரு மாதத்தில் வராது. அடிப்படையான இரண்டு மூன்று பழக்கங்கள் வரும்.

முதல் மாதம்: பள்ளிக்கரணைப் பயிற்சி

நன்மங்கலம் காப்புக்காடு உங்களுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே நுழையக் கூடாது. பயிற்சிக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய சூழலியல் பூங்காவின் நடைபாதையே போதும். அங்கே மான் கிடையாது என்பது பெரிய குறையல்ல. நீலத் தாழைக்கோழி இருக்கிறது. சிவந்த அலகோடு கோரைப்புல்லுக்கு வெளியே மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் நெருங்க நெருங்க முதலில் தலை நிமிரும். பிறகு வாலை வெடுக்கென்று தூக்கும். வாலடியில் வெள்ளை பளிச்சிடும். அடுத்த நொடி கோரைக்குள் மறைந்துவிடும். உங்கள் நடைக்கு இதைவிட நேர்மையான மார்க் போடும் வாத்தியார் கிடைக்க மாட்டார்.

1. முதல் ஞாயிறு: எப்போதும் நடப்பது போலப் பேசிக்கொண்டே நடங்கள். எத்தனை அடி தூரத்தில் பறவை வாலைத் தூக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. இரண்டாம் ஞாயிறு: அதே ஆட்கள், அதே நேரம், பேச்சில்லாமல் ஒருவர் பின் ஒருவராக நடங்கள். தூரம் எவ்வளவு குறைகிறது பாருங்கள்.
3. மூன்றாம் ஞாயிறு: பத்து அடி வையுங்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள், மறுபடி பத்து அடி. பறவையை நேராகப் பார்த்து நடக்காமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போங்கள்.
4. நான்காம் ஞாயிறு: நடக்கவே வேண்டாம். ஓர் இடத்தில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். கைபேசி பைக்குள் இருக்கட்டும்.

நான்காவதுதான் கடினம். எழுந்து நடமாடாமல் முக்கால் மணி நேரம் உட்கார முடியாதவர் கூட்டத்தில் இருந்தால், அதை இங்கேயே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. அவரைக் கழற்றிவிட வேண்டும் என்பதில்லை. மலையில் அவரோடு இன்னொருவர் சேர்ந்து தங்குமிடத்திலேயே இருந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே பேசிவைக்கலாம்.

பதிவும் பயணமும்

காட்டுப்பாதையில் அனுமதியின்றி நடப்பது குற்றம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி எல்லாம் அதிலேயே வந்துவிடும். கடமானுக்காகப் போகிறவர்கள் பாதையின் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடமான் பெரும்பாலும் இரவில் நடமாடும் விலங்கு. பகல் ஏறிவிட்டால் அடர்ந்த சரிவுகளில் படுத்துவிடும். காலை எட்டு மணிக்கு மேல் நடந்து மதியம் இறங்குகிறவருக்குத் தடம்தான் கிடைக்கும். விடியலும் அந்தியும் காட்டுக்குள்ளேயே இருக்கும்படி ஓர் இரவாவது தங்குவது முக்கியம். அந்த வகையில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் உள்ள டாப்ஸ்லிப் முதல்முறை போகிறவர்களுக்குத் தோதானது. தங்குமிடத்தைக் காப்பகத்தின் வழியாகவே பதிவு செய்யலாம். கரியன்சோலை, பண்டாரவரை என நடக்கப் பாதைகளும் உண்டு.

1. ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். நான்கு பேர் என்றால் இன்னும் நல்லது.
2. தங்குமிடமும் நடைப்பாதையும் உறுதியான பிறகே ரயில் அல்லது பேருந்துச் சீட்டு எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து காசை இழக்கிறார்கள்.
3. அடையாள அட்டை ஒவ்வொருவரிடமும் அசலாக இருக்கட்டும்.
4. பொள்ளாச்சியில் இறங்கி, சேத்துமடை சோதனைச்சாவடியை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். மதுவும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கும் பையில் இருக்கக் கூடாது.
5. எந்தப் பாதை, எப்போது திரும்புவது என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உடுப்பில் ஒரே ஒரு நுணுக்கம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையிலிருந்து பிரித்துத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை போடுவது இதனால்தான். சக வேட்டைக்காரனுக்குத் தெரியும், மானுக்குத் தெரியாது. நம் ஆட்கள் எல்லோரும் போட்டுக்கொண்டு வரும் நீல ஜீன்ஸ்தான் ஆகாத உடுப்பு. மண்நிறம், இலைப்பச்சை போதும். ராணுவ உடுப்பு மாதிரி புள்ளிச்சட்டை வேண்டாம், சாவடியில் வீண் விசாரணை. வாசனைத் தைலம், சென்ட் எதையும் பூசாதீர்கள். அட்டைக்குக் கெட்டியான நீளக் காலுறையும் உப்புப் பொட்டலமும் போதும்.

தடம், காற்று, அமர்வு

ஈரமண்ணில் கடமான் குளம்பு ஏறக்குறைய நாலு விரல் நீளம் இருக்கும். புள்ளிமானுடையது அதைவிடச் சிறியது, ஒடுங்கியது. காட்டுப்பன்றித் தடத்தில் பின்னால் இரண்டு சிறு நகக்குறிகள் வெளிப்பக்கம் விழும். காட்டுமாட்டின் தடம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, உருண்டையானது. புழுக்கை கறுத்துப் பளபளத்தால் புதியது, வெளிறி வெடித்திருந்தால் பழையது. மழை பெய்த மறுநாள் பழையதும் பளபளக்கும் என்பதால் அன்று மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மரப்பட்டை இடுப்புயரத்தில் உரிந்து பிசின் வடிந்தால், ஆண் கடமான் கொம்பு தேய்த்த இடமாக இருக்கலாம். அருகே சேற்றுக்குழி இருந்தால் வழிகாட்டியிடம் காட்டிக் கேளுங்கள். பழங்குடி வழிகாட்டிகள் கேட்டால் சொல்வார்கள். கேட்காதவர்களுக்குப் பாதையை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

காற்றைப் பார்க்க ஒரு சிட்டிகை திருநீறு போதும். அதைக் காற்றில் விட மனம் வராதவர்கள் முகப்பவுடர் எடுத்துக்கொள்ளலாம், வாசனையில்லாததாக. விரலிடுக்கில் எடுத்து மெல்ல விடுங்கள். தூள் உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் நல்ல இடம். முன்னால் ஓடினால், உங்கள் வாடை உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. மலைச்சரிவில் ஒரு பொதுக்கணக்கு உண்டு: வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கி ஓடும், அந்தியில் குளிர்ந்து கீழே வடியும். அதனால் காலையில் சரிவின் மேற்பக்கமும் மாலையில் கீழ்ப்பக்கமும் உட்காருவது சாதகம். வழிகாட்டி கூட்டிப்போகும் பாதையை நாம் மாற்ற முடியாதே, பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்று தோன்றலாம். பாதையை மாற்ற முடியாது. எங்கே நிற்பது, எங்கே உட்காருவது என்பதைக் கேட்டு வாங்க முடியும். அரை நாள் நடையில் அப்படி இரண்டு நல்ல அமர்வு கிடைத்தால் போதும்.

கடமான் உங்களைக் கவனித்துவிட்டால் உடனே ஓடாது. சிலையாக நிற்கும், காதுகள் மட்டும் திரும்பும். பிறகு முன்காலால் தரையைத் ‘தட்’ என்று அடிக்கும். அசையாமல் இருந்தால் அது மறுபடி மேயத் தொடங்குவதும் உண்டு. இந்த இடத்தில்தான் கூட்டத்தில் ஒருவர் கையை நீட்டி, ‘மச்சான், அதோ பாருடா!’ என்பார். அவர் கிசுகிசுத்ததாகவே நினைப்பார். காட்டைக் கிழிக்கும் ஒற்றை ஓலமாகக் கடமான் குரல் கொடுக்கும், வால் நிமிரும், அவ்வளவுதான். முன்கூட்டியே ஒரு சைகை பேசிவையுங்கள்: முதலில் பார்த்தவர் முன்னால் இருப்பவர் முதுகை ஒரு விரலால் தொட்டால் போதும். கை நீட்டத் தேவையில்லை, எல்லோரும் அவர் பார்க்கும் திசையைப் பார்த்தால் சரி.

சத்தமில்லாமல் நடப்பது ஆபத்தில்லையா?

இந்த அத்தியாயத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானது இதுதான். காற்றுக்கு எதிராக, ஓசையில்லாமல் போகும் கூட்டம் கடமானுக்குத் தெரியாமல் போவது போலவே யானைக்கும் கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் தெரியாமல் போகிறது. விலங்கு திடுக்கிட்டுத் தாக்கும் விபத்துகள் திருப்பங்களில், மூங்கில் புதரோரங்களில்தான் அதிகம் நடக்கின்றன. மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இங்கே நடப்பதைவிட உட்காருவதை வற்புறுத்துகிறேன். மௌனம் அமர்வுக்கு உரியது. வழிகாட்டி பார்த்துச் சொன்ன, கண்ணுக்கெட்டிய தூரம் திறந்திருக்கும் இடத்தில் மட்டும். அங்கே வருகிற எதையும் நீங்கள் முதலில் பார்ப்பீர்கள். புதர் மண்டிய பாதையில் நடக்கும்போது வழிகாட்டி இருமுவார், குச்சியால் மரத்தில் தட்டுவார். அது கவனக்குறைவல்ல, வேண்டுமென்றே செய்வது. ‘கடமான் ஓடிவிடும்’ என்று அவரை அடக்காதீர்கள்.

ஆவி பறக்கும் யானை லத்தி, அப்போதே ஒடிந்த மூங்கில், வயிற்று உறுமல் இதில் எது தெரிந்தாலும் அன்றைய நடை முடிந்தது. வழிகாட்டி சொல்லும் வழியில் பின்வாங்குங்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். கடமான் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது உங்களைப் பார்த்து அல்ல என்றும் இருக்கலாம்; அருகே சிறுத்தையோ புலியோ இருக்கக்கூடும். அந்தத் திசைக்கு ஆர்வமாகப் போவது முட்டாள்தனம்.

இன்னொரு மறுப்பும் உண்டு: டாப்ஸ்லிப் புல்வெளியிலேயே புள்ளிமான் கூட்டமாக மேய்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு? மனிதனுக்குப் பழகிய மானைப் பார்ப்பதில் பிழையில்லை, குழந்தைகளோடு போனால் அதுவே போதும். காட்டில் தன்போக்கில் நடக்கும் விலங்கைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பாடு.

தீயும் திரும்பும் நேரமும்

2018 மார்ச் 11-ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைப் புல்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து போனவர்கள் ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் இன்னொன்று. இறந்தவர்கள் 23 பேர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. இப்போது தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். ‘அந்த மாதங்களில்தான் இலை உதிர்ந்து விலங்கு தெரியும், ஆள் தெரிந்தால் உள்ளே விடுவார்கள்’ என்று சொல்லும் நண்பரை நம்பிப் போகாதீர்கள். இலை உதிர்ந்து கிடக்கிறது என்றால் எரிவதற்குத் தயாராகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

• பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். கூட்டத்தில் புகைப்பவரின் தீப்பெட்டி தங்குமிடத்திலேயே இருக்கட்டும்.
• புல்தீ கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். பாறைத்தளம், ஓடை, ஏற்கெனவே எரிந்த தரை இவற்றைத் தேடுங்கள்.
• திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும், எதிரே கடமானே நின்றாலும், திரும்புங்கள். யார் சொன்னால் கூட்டம் கேட்குமோ அவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மூத்தவரிடமோ காசு போட்டவரிடமோ கொடுக்க வேண்டும் என்பதில்லை.

பாம்பு கடித்தால்

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், ஆளைத் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பாதையில் கைபேசி எடுக்காது என்பதால், எந்த இடம் வரை 108-ஐ அழைக்க முடியும் என்று கிளம்பும்போதே வழிகாட்டியிடம் கேட்டுவையுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

துணியை அன்றே வெந்நீரில் துவையுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை இறுகிய இடம், காதுமடலுக்குப் பின்னால் என உண்ணி ஒளிந்துகொள்ளும் இடங்களை ஒருமுறை பாருங்கள். காட்டுப்புல்லில் உள்ள மிகச்சிறு பூச்சிகள் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், ஊருக்கு வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். காய்ச்சலோடு தலைவலி சேர்ந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு தெரிந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும், காட்டுக்குப் போய்வந்த தேதியை நீங்களே சொல்லுங்கள்.